ஹெல்மெட்காரரோட சம்மதம்

காட்டு மிருகத்தைப் போட்டோ எடுக்கறது ஒண்ணும் பெரிய வித்தை இல்லைங்க. மரத்துல கேமராவைக் கட்டிட்டு வந்துட்டா அதுவே பாத்துக்கும். சூடா ஒரு உடம்பு முன்னாடி நகர்ந்தா டக்குனு எடுத்துடும். எடுத்த போட்டோவை இன்னொருத்தருக்குக் காட்டறதுதான் வித்தை. அதுக்குன்னே ஒரு மையம் இருக்கு. மூணு மாடி.

எங்க தெருவுக்குப் பின்னாடி ஒரு வாய்க்கால். அதைத் தாண்டினா சின்னதா ஒரு காடு. காடுன்னதும் பயந்துக்காதீங்க, இந்தப் பக்கம் நின்னு தும்மினா அந்தப் பக்கத்துல இருக்கறவங்க திரும்பிப் பாப்பாங்க, அவ்வளவுதான். அங்க என்ன மிருகம் வருது, போகுதுன்னு பாக்கறதுக்கு கானுயிர்ப் படக் கண்காணிப்பு மையம்னு ஒண்ணு தொண்டர்களைக் கூப்பிட்டுது. சம்பளம் கிடையாது, கேமரா அவங்க கொடுப்பாங்க. வீட்டுல உக்காந்து சீரியல் பாக்கறதுக்கு நரியைப் பாக்கலாமேன்னு நானும் பேர் கொடுத்துட்டேன்.

முதல்ல ஒரு நாள் பயிற்சி. கேமராவை எப்படிக் கட்டறதுன்னு டீ வர்றதுக்குள்ள சொல்லி முடிச்சுட்டாங்க. மீதி நாள் பூரா, போட்டோவை யாருக்கெல்லாம் காட்டக்கூடாதுங்கறதுதான் பாடம். பக்கத்து வீட்டுக்குக் காட்டக்கூடாது. சொந்தக்காரங்களுக்குக் காட்டக்கூடாது. குடும்பக் குரூப்புல போடவே கூடாது. மையத்துலயே ஒரு செக்‌ஷன் போட்டோவை இன்னொரு செக்‌ஷன் பாக்கக்கூடாது. நான் கையைத் தூக்கி, "நான் பாக்கலாமா"ன்னு கேட்டேன். பயிற்சி கொடுத்தவர் கையேட்டைப் புரட்டிப் பாத்தார். "தவிர்க்க முடியாத அளவுக்குப் பாக்கலாம்மா"ன்னார்.

வாராவாரம் போய் கேமராவுல இருக்கற கார்டைக் கழட்டி, வேற கார்டு போட்டுட்டு, வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டர்ல சொருகி, மையத்துக்கு அனுப்பணும். அனுப்பறப்போ அறையில வேற யாரும் இருக்கக்கூடாது. இதுதான் எங்க வீட்டுல நடக்காத காரியம். ஏன்னா எனக்கு ஒரு நாத்தனார் இருக்கா. எங்க வீட்டுக்காரரோட தங்கச்சி. அடுத்த வீடுதான், ஆனா அங்க தூங்கறதுக்கு மட்டும்தான் போவா. முதல் வாரமே என் தோளுக்கு மேல எட்டிப் பாத்துட்டு, "அண்ணி, இது என்ன, முயலா? உங்களை மாதிரியே முழிக்குது"ன்னா.

நான் விதிப்படி நடக்கறவ. தொண்டர் இல்லாத ஒருத்தர் போட்டோவைப் பாத்துட்டா அதுக்குப் பேர் கசிவு. கசிவு ஆனா மையத்துக்குச் சொல்லணும். சொன்னேன். பத்து நாள் கழிச்சு நாத்தனாருக்கு ஒரு எச்சரிக்கைக் கடுதாசி வந்துது. 'தாங்கள் ஒரு முயலை அனுமதியின்றிக் கண்டதாக அறிகிறோம்'னு. அவ அதைக் கண்ணாடி போட்டுக் கூடத்துல மாட்டிட்டா. வர்றவங்க எல்லாருக்கும் காட்டி, "எங்க அண்ணி வாங்கிக் கொடுத்தது"ன்னு சொல்லுவா.

இதெல்லாம் ஒரு பக்கம் இருக்கட்டும். நான் சொல்ல வந்தது கோணவாலு கதை.

கோணவாலுன்னா ஒரு நரி. வால் நுனிக்குக் கொஞ்சம் முன்னாடி ஒரு வளைவு, கதவுல நசுங்கின மாதிரி. தினமும் பொழுது சாயற நேரத்துக்குக் கேமரா முன்னாடி போவா. அவ பின்னாடியே மூணு குட்டி. ஒண்ணு எப்பவும் கடைசியா, வேற எங்கயாவது பாத்துட்டு வரும். அந்த மூணாவது குட்டி ஒழுங்கா வந்துச்சான்னு பாத்தாதான் எனக்கு அந்த வாரம் சரியா இருக்கும்.

அப்படி இருக்கறப்போதான் மையம் அந்தக் காட்டுல ஒரு விழிப்புணர்வு நாள் கொண்டாடினாங்க. இயக்குநர் வந்தார். மையத்துக்குத் தலைவர் அவர்தான். பிளாஸ்டிக்கால மிருகங்களுக்கு வர்ற ஆபத்தைப் பத்தி ஒரு மணி நேரம் பேசினார். முடிஞ்சதும் வந்தவங்களுக்கெல்லாம் ஆளுக்கொரு பிளாஸ்டிக் ஜாடி நிறைய மிட்டாய். ஜாடி மேல மையத்தோட முத்திரை ஸ்டிக்கர், இலைக்குள்ள ஒரு கண். சாப்பிட்டவங்க ஜாடியை அங்கயே விட்டுட்டுப் போனாங்க. விழிப்புணர்வு வந்துட்டதனால யாரும் குனியல.

அந்த வாரம் கார்டைப் போட்டுப் பாக்கறேன், கோணவாலு வர்றா. வால் இருக்கு, காலு இருக்கு, பின்னாடி மூணு குட்டியும் இருக்கு. தலை இருக்க வேண்டிய இடத்துல ஜாடி. மிட்டாய் வாசனைக்கு உள்ள விட்டவ வெளிய எடுக்க முடியல போல. ஜாடியில ஒரு பக்கம் விரிசல் இருந்துது, மூச்சு மட்டும் வருது. தின்ன முடியாது, தண்ணி குடிக்க முடியாது. இலைக்குள்ள இருந்து அந்த ஒத்தைக் கண்ணு என்னையே பாக்குது.

நாத்தனாரும் பாத்துட்டா. அன்னிக்கு அவ கிண்டல் பண்ணல. "அண்ணி, இது இப்படியே இருந்தா எத்தனை நாள் தாங்கும்?"னு மட்டும் கேட்டா. நான் போட்டோவை மையத்துக்கு அனுப்பிட்டு, போன்லயும் ஏத்திக்கிட்டு, செருப்பை மாட்டிட்டு அங்க ஓடினேன்.

மீட்பு செக்‌ஷன் கீழ் மாடியிலயே இருக்கு. அங்க ஒரு ஆள், வலைக்காரர்னு சொல்லுவாங்க. நல்ல மனுஷன். தோள்ல வலை, வாசல்ல ஜீப், எப்பவும் கிளம்பத் தயாரா நிப்பார். கிளம்பினதா யாரும் பாத்ததில்ல.

"ஒரு நரி தலையில ஜாடி மாட்டிக்கிச்சு, வாங்க போலாம்"னேன்.

"போட்டோ இருக்காம்மா?"

"இந்தாங்க, போன்லயே இருக்கு"ன்னு எடுத்து நீட்டினேன். அவர் ரெண்டு கையாலயும் கண்ணைப் பொத்திக்கிட்டார்.

"காட்டாதீங்கம்மா. முறையா வராத போட்டோவை நான் பாத்துட்டேன்னா அப்புறம் பாக்கறதுக்கு எனக்கு வேலையே இருக்காது."

"சரி, வாயால சொல்றேன், கேளுங்க."

"வாயால சொன்னா அது வதந்திம்மா. மேல படச் செக்‌ஷன் இருக்கு. அங்க இருந்து வந்தா அடுத்த நிமிஷம் வண்டி கிளம்பிடும்." கண்ணைப் பொத்தின கையை எடுக்காமலே மாடிப்படி இருக்கற திசையைக் காட்டினார். தப்பான திசைதான், ஆனா நல்ல மனசு.

மேல படச் செக்‌ஷன் ஆபீசர் கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்திருந்தார். போட்டோவுல என்ன மிருகம்னு பாத்துச் சொல்றதுக்கு மையத்துல ஒரு மென்பொருள் வாங்கி வெச்சிருக்காங்க. வாங்கி ஒரு வருஷம்தான் ஆகுது, ஆனா எல்லாரும் அதைப் பெரியவர்னுதான் சொல்லுவாங்க. "பெரியவர் பாத்துட்டாரா", "பெரியவர் இன்னிக்கு மெதுவா இருக்கார்" அப்படின்னு ஒரே மரியாதை.

"உங்க போட்டோவைப் பெரியவர் பாத்துட்டார்மா"ன்னு திரையைப் படிச்சார். "மனிதர், ஒருவர். தலைக்கவசம் அணிந்துள்ளார். தவழ்ந்து செல்கிறார். உடன் மூன்று பயண மூட்டைகள்."

எனக்கு ஒண்ணும் புரியல. "சார், அது நரி சார். மூட்டை இல்ல, குட்டி. நல்லா பாருங்க, வால் இருக்கு."

"வால் இருக்கறதும் இல்லாததும் அவரோட சொந்த விஷயம்மா. அதுல நாம தலையிட முடியாது."

"உங்க கண்ணால பாத்துச் சொல்லுங்க சார். நரியா, ஆளா?"

அவர் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுட்டு நிதானமாச் சொன்னார். "என் கண்ணால பாத்தா எனக்கும் நரியாத்தான் தெரியுது. நான் மறைக்கல. ஆனா என் கண்ணை இந்த மையம் விலை கொடுத்து வாங்கலம்மா. பெரியவரைத்தான் விலை கொடுத்து வாங்கியிருக்கு. நான் பாத்ததுதான் சரின்னா அவரை எதுக்கு வாங்கினோம்னு கேள்வி வரும். அவர் பாத்ததுதான் சரின்னா என்னை எதுக்கு வெச்சிருக்கோம்னு கேள்வி வரும். அதனால நான் எதையும் பாக்கறதில்ல. படிக்கறதோட சரி."

மனுஷர் இருக்கற போட்டோன்னா அது அந்தரங்கச் செக்‌ஷனுக்குப் போகணுமாம். இன்னொரு மாடி. அங்க ஒரு அம்மா இருந்தாங்க. மேஜை மேல ஒரு தூசு கிடையாது, குரல்ல ஒரு ஏத்த இறக்கம் கிடையாது.

"ஒருத்தரோட படத்தை அவர் சம்மதம் இல்லாம இன்னொருத்தருக்குக் காட்டக்கூடாது. நாளைக்கு உங்களையே இப்படி ஹெல்மெட்டோட யாராவது எடுத்தா உங்களுக்கு எப்படி இருக்கும்?"

"காப்பாத்த வந்தா சந்தோஷமா இருக்கும்மா."

"அது உங்க கருத்து. ஹெல்மெட்காரரோட கருத்து நமக்குத் தெரியாது. அவரை ஒரு தடவை அழைச்சுட்டு வாங்க. கையெழுத்து போட்டாப் போதும். எழுதத் தெரியாதுன்னா கைரேகை."

"அவரையே இங்க அழைச்சுட்டு வர முடிஞ்சா அப்புறம் போட்டோ எதுக்கும்மா? ஜாடியைக் கழட்டி விட்டுடலாமே."

அந்த அம்மா தலையாட்டினாங்க. "நல்ல ஆலோசனை. ஆலோசனைப் பெட்டி வாசல்ல இருக்கு"ன்னாங்க.

நான் எழுந்திரிக்கலன்னு பாத்துட்டு, இன்னொரு வழி இருக்குன்னாங்க. ஆளோட முகத்தை மங்கலாக்கிட்டா சம்மதம் தேவையில்ல, உடனே கொடுத்துடலாம். எனக்கு உயிர் வந்துது. "மங்கலாக்குங்கம்மா, எப்படியோ கீழ போனாச் சரி"ன்னேன். அவங்களே உக்காந்து, ரொம்பப் பொறுப்பா, கழுத்துக்கு மேல பூராவும் பனி மூடின மாதிரி பண்ணிக் கொடுத்தாங்க.

முறையா வந்த போட்டோன்னதும் வலைக்காரர் கண்ணைத் திறந்தார். நல்லாக் கிட்ட வெச்சுப் பாத்தார். அவர் முகமே மலர்ந்துடுச்சு.

"அருமையான நரிம்மா. ரோமத்தைப் பாருங்க. குட்டிங்க வேற கொழுகொழுன்னு. இதை எதுலேருந்து மீட்கணும்?"

"அந்தப் பனிக்குள்ள ஜாடி இருக்கு."

"எனக்குப் பனிதான்மா தெரியுது. குளிர்காலமா இருக்கும்."

இருந்தாலும் நான் அழற மாதிரி நிக்கறதைப் பாத்துட்டு, "சரி, உங்களுக்காக ஒரு நடை போயிட்டு வர்றேன்"னு ஜீப்பை எடுத்தார். நானும் ஏறிக்கறேன், வழி காட்டறேன்னேன். கூடாதுன்னுட்டார். தொண்டர் வாயால இடத்தைச் சொன்னா அது இடக் கசிவு. போட்டோவோட வந்த இடக் குறிப்பை வெச்சுத்தான் போகணும். போனார். சாயங்காலம் திரும்பி வந்தார், கால்சட்டை முட்டி வரைக்கும் நனைஞ்சிருந்துது.

"நீச்சல் குளத்துல நல்லாத் தேடிட்டேன்மா. நிறைய பேர் தலையில தொப்பி போட்டிருந்தாங்க. ஜாடி யாரும் போடல."

"நீச்சல் குளத்துக்கு ஏன் போனீங்க?"

"இடக் குறிப்பு அங்கதானே காட்டுது. வேட்டைக்காரங்க கண்ணுல படக்கூடாதுன்னு ஒவ்வொரு போட்டோவோட இடத்தையும் நாங்க ஊரோட இன்னொரு மூலைக்கு நகர்த்தி வெச்சுடுவோம்." குரலைத் தாழ்த்திக்கிட்டார். "எந்த மூலையிலேருந்து நகர்த்தினோம்னு எங்களுக்கே தெரியாதும்மா. அவ்வளவு பாதுகாப்பு."

அதுக்கப்புறம் நான் தினமும் போய் கார்டை எடுக்க ஆரம்பிச்சேன். கோணவாலு மெலிஞ்சுட்டே வந்தா. ஒரு போட்டோவுல மரத்துல முட்டிட்டு நிக்கறா. ஒண்ணுல வாய்க்கால் ஓரத்துல ஜாடியைத் தண்ணிக்குள்ள விட்டுட்டு அப்படியே இருக்கா. குட்டிங்க பக்கத்துல வந்து ஜாடியை நக்குது. மூணாவது குட்டி இப்பல்லாம் வேற எங்கயும் பாக்கறதில்ல.

கடைசியா இயக்குநரையே பாத்துடுவோம்னு போனேன். மையத்துல எல்லாச் செக்‌ஷன் போட்டோவையும் மங்கலாக்காமப் பாக்கற உரிமை அவருக்கு மட்டும்தான் உண்டு. அதனாலயே அவர் எதையும் பாக்கறதில்ல, பொறுப்பு அதிகம்னு. நான் விடல. "சார், உங்க ஜாடி சார். உங்க முத்திரை. பாருங்க"ன்னு அவர் திரையிலயே திறக்க வெச்சேன்.

பாத்தார். இலைக்குள்ள கண்ணு அவரைப் பாத்துது. அவர் எழுந்து நின்னுட்டார்.

"நம்ம முத்திரை."

"ஆமா சார்."

"அப்போ நம்ம ஆள்."

நான் வாயைத் திறக்கறதுக்குள்ள அவர் ஜன்னல் பக்கம் போய் நின்னு பேச ஆரம்பிச்சுட்டார். "எவ்வளவு நாளா வேலை செய்யறார் இவர்? எல்லாப் போட்டோவுலயும் இருக்கார். சாயங்காலம் இருக்கார், ராத்திரி இருக்கார். மிருகங்களுக்குத் தொந்தரவு வரக்கூடாதுன்னு தவழ்ந்து போறார். உடம்பு இளைச்சிருக்கு, கவனிச்சீங்களா? இந்த மையத்துல நாற்காலியை விட்டு எழுந்து காட்டுக்குப் போன ஊழியரை நான் இன்னிக்குத்தான் பாக்கறேன். நானே போனதில்ல. எனக்கு வெயில் ஒத்துக்காது."

"சார், அது நரி."

"தன்னடக்கம்மா அது. இந்த வருஷத்துச் சிறந்த ஊழியர் விருது இவருக்குத்தான். அதுவரைக்கும் யாரும் கிட்ட போய் அவர் வேலையைக் கெடுக்கக்கூடாதுன்னு உத்தரவு போடறேன்."

போட்டும் விட்டார்.

வீட்டுக்கு வந்து அப்படியே உக்காந்துட்டேன். நாத்தனார் டீ கொண்டு வந்து வெச்சா.

"என்ன அண்ணி, ஜாடியைக் கழட்டிட்டாங்களா?"

"விருது கொடுக்கப் போறாங்களாம்."

நடந்ததை எல்லாம் கேட்டா. அவளுக்குச் சிரிப்பும் வந்துது, கோவமும் வந்துது, எது முதல்லன்னு தெரியாம ரெண்டையும் முழுங்கினா. "எழுந்திரிங்க. நாமளே போய்ப் புடுங்கி விட்டுட்டு வரலாம்."

"அதெப்படி. தொண்டர் மிருகத்தைத் தொடக்கூடாது. விதி இருக்கு. கேமராவைப் புடுங்கிப்பாங்க."

"மிருகத்தைத்தானே தொடக்கூடாது. உங்க ஆபீஸ் கணக்குல அது ஆளு. முதுகு வளைஞ்ச ஒரு மனுஷன் ஹெல்மெட்டைக் கழட்ட முடியாமத் திண்டாடறார். கூட மூட்டை முடிச்சு வேற. ஒரு கை கொடுக்கறதுக்கு எந்த விதியில இடம் இல்லைன்னு காட்டுங்க பாப்போம்."

நான் யோசிச்சுப் பாத்தேன். பயிற்சியில சொன்னது, கையேட்டுல போட்டது, எல்லாத்தையும் மனசுல ஓட்டிப் பாத்தேன். அவ சொன்னது நூத்துக்கு நூறு விதிப்படி இருந்துது.

பொழுது சாயறப்போ கிளம்பினோம். நாத்தனார் கொசுவுக்குப் பயந்து எங்க வீட்டுக் காவிக் கம்பளியைத் தலையோட போத்திக்கிட்டா. நான் எங்க வீட்டுக்காரரோட கறுப்பு மழைக்கோட்டு, தோட்ட வேலைக்குப் போடற கையுறை, பையில ஒரு கிண்ணம் சமையல் எண்ணெய். வாய்க்காலைத் தாண்டினதுமே சத்தம் கேட்டுது. ஜாடி கல்லுல மோதற சத்தம், டொக்கு டொக்குன்னு.

கேமரா கட்டின மரத்துக்குக் கீழயே கோணவாலு படுத்திருந்தா. எங்க சத்தம் கேட்டதும் எழுந்து ஓடப் பாத்தா, ரெண்டடி போய் வேர்ல முட்டிட்டு நின்னுட்டா. குட்டிங்க புதருக்குள்ள போயிடுச்சு.

"ஊழியர் சார்"னு நாத்தனார் மெதுவாக் கூப்பிட்டா. "மையத்துலேருந்து வர்றோம். கொஞ்சம் ஒத்துழைப்பு கொடுங்க."

கம்பளியோட பாதியைக் கோணவாலு மேல போட்டு அமுக்கிட்டா. மீதிப் பாதி இன்னும் இவ தலை மேலதான். நான் மண்டி போட்டு ஜாடியைப் பிடிச்சேன். எண்ணெயைக் கழுத்தோரமா விட்டேன். கம்பளிக்குள்ள அந்த உடம்பு நடுங்கறது ஜாடி வழியா என் கைக்கு வந்துது. அவ்வளவு லேசா இருந்தா. ஜாடிக்குள்ள மூச்சுப் பட்டு மங்கிப் போயிருந்துது, அதுக்குள்ள ரெண்டு கண்ணு.

"திருகுங்க அண்ணி, ஊறுகாய் பாட்டிலா அது, இவ்வளவு யோசிக்கறீங்க."

"நீ வாயை மூடிட்டுக் கெட்டியாப் பிடி."

"நான் பிடிச்சுட்டுதான் இருக்கேன், சார்தான் என்னைக் கடிக்கலாமான்னு யோசிக்கறார்."

ஒரு திருகு, இன்னொரு திருகு. ஒரு காது வெளிய வந்துது. அப்புறம் பொளக்குனு ஒரு சத்தம், நான் ஜாடியோட பின்னாடி விழுந்தேன், நாத்தனார் என் மேல விழுந்தா. கோணவாலு எங்களைத் திரும்பிக்கூடப் பாக்கல. நேரா வாய்க்காலுக்குப் போய் குடிச்சா. குடிச்சா, குடிச்சா, அப்படிக் குடிச்சா. குட்டிங்க ஒவ்வொண்ணா வந்து பக்கத்துல நின்னுது. நாங்க ரெண்டு பேரும் விழுந்த இடத்துலயே கிடந்து பாத்துட்டிருந்தோம். எழுந்திரிக்க முடியலங்கறதும் ஒரு காரணம்.

அப்பத்தான் தலைக்கு மேல பாத்தேன். மரத்துல கேமரா. நடந்தது பூராவும் அதுக்கு முன்னாடிதான் நடந்திருக்கு.

நான் விதிப்படி நடக்கறவன்னு முன்னாடியே சொன்னேன். எல்லாத்தையும் அனுப்பினேன். கேமரா போகப் போகுது, எனக்கும் ஒரு கடுதாசி வரும், அதையும் நாத்தனார் மாட்டிடுவான்னு நினைச்சுட்டே படுத்தேன்.

ரெண்டு நாள் கழிச்சு எங்க வீட்டுக்காரர் காலையில பேப்பரைப் பிரிச்சவர், "அடேயப்பா"ன்னார். "நீங்க ரெண்டு பேரும் இனிமே அந்தக் காட்டுப் பக்கம் போகாதீங்க. கரடி வந்திருக்காம். ஒண்ணு இல்ல, ரெண்டு."

முதல் பக்கத்துல பெருசா போட்டோ. பெரியவர் பாத்துச் சொன்னதைக் கீழ போட்டிருந்தாங்க. 'கரடிகள், இரண்டு. ஒன்று காவி நிறம், ஒன்று கறுப்பு. தலைக்கவசம் அணிந்த மனிதரைத் தாக்குகின்றன.' மனுஷர் போட்டோன்னா மாசக்கணக்குல ஆகும், கரடிக்கு எந்தத் தடையும் இல்ல, ரெண்டு நாள்ல ஊர் பூராப் போயிடுச்சு. ஹெல்மெட்காரர் முகத்தை மட்டும் மங்கலாக்கியிருந்தாங்க.

எங்க வீட்டுக்காரர் போட்டோவைக் கண்ணுகிட்ட கொண்டு போய்ப் பாத்தார். "இந்தக் காவிக் கரடி அப்படியே நம்ம வீட்டுக் கம்பளி நிறத்துல இருக்கு"ன்னார். அவ்வளவுதான், பக்கத்தைத் திருப்பிட்டார். கட்டின பொண்டாட்டியும் கூடப் பிறந்த தங்கச்சியும் எதிர்ல நிக்கறோம்.

நான் அன்னிக்கே படச் செக்‌ஷனுக்குப் போனேன். "சார், அந்தக் கறுப்புக் கரடி நான்தான். காவி என் நாத்தனார்."

ஆபீசர் கதவைச் சாத்திட்டு வந்தார். "அம்மா, நீங்க மனுஷின்னு சொல்றீங்க. நான் நம்பறேன். ஆனா நீங்க மனுஷின்னா, சம்மதம் வாங்காத ரெண்டு மனுஷங்க படத்தை நாங்க ஊருக்கே காட்டியிருக்கோம்னு ஆகுது. வீடு வீடாப் போய் பேப்பரைத் திரும்ப வாங்கணும். பெரியவரைக் கழட்டி அனுப்பணும். அவருக்கப்புறம் நான்." ஒரு டம்ளர் தண்ணி எடுத்து என் முன்னாடி வெச்சார். "கரடியாவே இருந்துட்டுப் போங்களேன்மா. உங்களுக்கு என்ன நஷ்டம்?"

எனக்கும் யோசிச்சுப் பாத்தா ஒரு நஷ்டமும் தெரியல. வந்துட்டேன்.

அந்த நாளுக்கப்புறம் ஹெல்மெட்காரர் எந்தப் போட்டோவுலயும் வரலயே. அதனால மையத்துல இரங்கல் கூட்டம் வெச்சாங்க. தொண்டர்கள் குடும்பத்தோட வரணும்னு தகவல் வந்துது. நான் கூப்பிடறதுக்கு முன்னாடியே நாத்தனார் கிளம்பி நின்னா. மேடையில பெரிய போட்டோ, கழுத்துக்கு மேல பனி. இயக்குநர் மைக்கைப் பிடிச்சார்.

"அவர் பேர் நமக்குத் தெரியாது. எந்தச் செக்‌ஷன்னு தெரியாது. அவருக்குச் சம்பளம் கொடுத்ததா எங்கயும் பதிவு இல்ல. ஒரு நாள் லீவு கேட்டதில்ல. ஒரு கேள்வி கேட்டதில்ல. சாப்பாட்டு நேரத்துல சாப்பிட்டதில்ல. இப்படிப்பட்ட ஊழியர்களாலதான் இந்த மையம் நிமிர்ந்து நிக்குது. மத்தவங்களும் இதே மாதிரி இருக்கணும்னு கேட்டுக்கறேன்."

நாத்தனார் கைக்குட்டையை வாய்ல திணிச்சுக்கிட்டுக் குலுங்கினா. கண்ணுல தண்ணி. பாத்தவங்களுக்கு மனசு தாங்கல. அந்தரங்கச் செக்‌ஷன் அம்மா எழுந்து வந்து அவளை முன் வரிசையில உக்கார வெச்சாங்க.

"நீங்க அவருக்கு வேண்டியவங்களா?"

"கடைசியா அவர் பக்கத்துல இருந்தது நாங்கதாங்க"ன்னா நாத்தனார், அதுல ஒரு சொல் பொய் இல்ல.

அந்த அம்மா மெதுவா ஒரு காகிதத்தை நீட்டினாங்க. வேண்டியவங்க யாராவது சம்மதிச்சா, முகத்தை மறைக்காமப் போட்டோவை வெளியிடலாமாம். நாத்தனார் என்னைப் பாத்தா. நான் மேல ஓடிட்டிருந்த மின்விசிறியைப் பாத்தேன். அவ கையெழுத்து போட்டுட்டா.

மறுநாள் காலையில பனி இல்லாத போட்டோ முறைப்படி கீழ் மாடிக்கு இறங்கி வந்திருக்கு. வலைக்காரர் பதறிப் போய் எனக்குப் போன் பண்ணினார். "அம்மா, ஒரு நரி தலையில ஜாடி மாட்டிட்டிருக்கும்மா. தாங்காதும்மா அது, நான் இப்பவே கிளம்பறேன். போற வழியில அந்த ரெண்டு கரடியையும் பிடிக்கச் சொல்லி உத்தரவு வந்திருக்கு."

"எங்க போறீங்க?"

"நீச்சல் குளத்துக்குத்தான். ரெண்டுமே அங்கதான் காட்டுது."

பாவம், இந்தத் தடவை துண்டு எடுத்துட்டுப் போனதாச் சொன்னாங்க.

ஜாடி எங்க வீட்டுலதான் இருக்கு. கழுவி, துணி கிளிப்பு போட்டு வெச்சிருக்கேன். ஸ்டிக்கர் போகவே மாட்டேங்குது, நல்ல பசை. நாத்தனார் வீட்டுக் கூடத்துல எச்சரிக்கைக் கடுதாசிக்குப் பக்கத்துல அந்தப் பேப்பர் போட்டோவும் இப்போ மாட்டியாச்சு.

நேத்து கார்டைக் கொண்டு வந்து போட்டுப் பாத்தேன். கோணவாலு. முகம் பளிச்சுனு தெரியுது, கழுத்துல மட்டும் எண்ணெய் பட்ட ரோமம் ஒட்டிட்டு நிக்குது. பின்னாடி ஒரு குட்டி, ரெண்டாவது குட்டி. மூணாவது கடைசியா வருது, வேற எங்கயோ பாத்துட்டு.

"அண்ணி, வந்துச்சா?"ன்னு பின்னாடியிலேருந்து குரல். வழக்கமா திரையை மூடிடுவேன். நேத்து நாற்காலியை நகர்த்தி அவளுக்கு இடம் விட்டேன். ஒருத்தருக்குக் காட்டினா கசிவு. கரடிக்குக் காட்டக்கூடாதுன்னு கையேட்டுல எங்கயும் போடல.